கத்தரி வைக்காத துணி: ஏடிஎச்டி உள்ள ஒரு தையற்காரரின் தள்ளிப்போடுதல் பற்றிய நிகழ்வு ஆய்வு

வந்த காரணம்

அவர் தனக்காக என்னிடம் வரவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனை அழைத்துக்கொண்டு மாமியாரோடு வந்தார். பையன் வகுப்பில் உட்காருவதில்லை, எழுதத் தொடங்கியதை முடிப்பதில்லை என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெற்றோரிடம் வழக்கமாகக் கேட்பதை நானும் கேட்டேன். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறானா? பென்சில், தண்ணீர் பாட்டில் தொலைக்கிறானா? நேருக்கு நேர் பேசும்போதே காதில் விழாததுபோல் இருக்கிறானா? ஏழெட்டுக் கேள்விக்குப் பிறகு அவரிடமிருந்து பதில் வரவில்லை. பையனை வெளியே பாட்டியிடம் அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேடம், நீங்க அவனப் பத்திக் கேக்குறீங்களா, என்னையப் பத்திக் கேக்குறீங்களான்னே தெரியல."

பிள்ளையைக் கொண்டுவரும் இடத்தில் தாயோ தகப்பனோ தன்னையே அடையாளம் காண்பது உளச்சிகிச்சை தரும் எங்கள் வேலையில் அடிக்கடி நடப்பதுதான். ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு - மிகையியக்கக் குறைபாடு, குடும்பவழியில் வலுவாக வருவது. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் மரபின் பங்கைச் சுமார் 74 விழுக்காடு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆனாலும் இப்படிச் சொல்லும் பெரியவர்களில் பலர் அடுத்த முறை தங்களுக்காக வருவதில்லை. இவர் வந்தார். நான்கு முறை தேதி மாற்றி, ஐந்தாவது முறை, முக்கால் மணி நேரம் தாமதமாக.

அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவர் படித்துப் பார்த்துச் சம்மதித்தார்.

கடையும் பைகளும்

34 வயது. காவிரிப் படுகையில் ஒரு சிறு நகரம். வீட்டு முன்னறைதான் தையல் கடை. சாதா பிளவுஸ், லைனிங் பிளவுஸ், சேலைக்கு ஃபால்ஸ், பிக்கோ என்று ஆரம்பித்து, ஆறு வருடமாகக் கல்யாணப் பட்டுக்கு ஆரி வேலை செய்கிறார். கை மிகச் சுத்தம். தோள்பட்டையில் சுருக்கம் விழாது, கழுத்து தூக்காது. சுற்று வட்டாரத்தில் பெண் நிச்சயமானால் இவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று வருகிறவர்கள் இருந்தார்கள். கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார்.

ஒவ்வொரு ஆர்டரும் ஒரு துணிப்பை: உள்ளே துணி, அளவு பிளவுஸ், பில்லின் நகல். முதல் முறை பேசியபோது தேதி தாண்டிய பைகள் எத்தனை என்று கேட்டேன். தெரியாது என்றார். அலமாரியின் முன்னால் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாராம், பைகள் கண்ணில் படாமலிருக்க. பிறகு நாத்தனார் எண்ணிச் சொன்னார்: 41.

முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியாது. அதனால் கல்யாண பிளவுஸ் எப்படியோ முடிந்துவிடும், முதல் நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து. ஒரு கல்யாணத்தில் விடியற்காலை நாலரை மணிக்கு மண்டபத்துக்கே போய், மணப்பெண் அறையில் உட்கார்ந்து ஹூக் வைத்துக் கொடுத்திருக்கிறார். ரிசப்ஷனுக்கான இரண்டாவது பிளவுஸ் அன்று தயாராகவில்லை. பெண்ணின் அம்மா அங்கேயே, சொந்தக்காரர்கள் முன்னால், "காசு வாங்கத் தெரியுதுல்ல?" என்று கேட்டுவிட்டார். அந்த நாளுக்குப் பிறகு வாடிக்கையாளரின் போனை எடுப்பதையே அவர் நிறுத்திவிட்டார்.

வீட்டில் மாமியார் வைத்த வாதம் ஒன்று இருந்தது. அதை யாராலும் மறுக்க முடியவில்லை, அவராலும்தான். "மனசு வச்சா செய்வா. கடைசி ராத்திரில செஞ்சு முடிக்கிறா இல்ல? அப்போ முன்னாடியே செய்யுறதுக்கென்ன?" ஏடிஎச்டி உள்ள பெரியவர் வாழும் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவில் அங்கே இருக்கும். கடைசி ராத்திரியில் முடிகிறது என்பதே, முடியாமலில்லை, மனம் இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது.

நான் செய்த தவறு

முதல் இரண்டு அமர்வுகளில் இதை மனச்சோர்வு என்றே எடுத்துக்கொண்டேன். காரணம் இருந்தது. தூக்கம் கெட்டிருந்தது, அடிக்கடி அழுகை, தன்னைப் பற்றி நல்லதாக ஒரு சொல்கூட இல்லை. தொடங்க முடியாமை மனச்சோர்விலும் உண்டு. எனவே மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் கொடுப்பதுபோல ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஸ்கெட்ச் பேனாவால் ஆறு நிறத்தில், சார்ட் பேப்பரில் புதிதாக வரைந்து சுவரில் ஒட்டினார். வரைந்து முடிக்க ஒரு ராத்திரி ஆனது. இரண்டு நாள் அதன்படி நடந்தார். மூன்றாம் நாள் மகனுக்குக் காய்ச்சல். அதன்பின் அந்தச் சுவரைப் பார்க்காமலே நடக்கப் பழகிக்கொண்டார். மூன்றாவது அமர்வுக்கு வந்தபோது, "நீங்க இவ்ளோ மெனக்கெட்டுச் செஞ்சு குடுத்தீங்க, அதையும் கெடுத்துட்டேன்" என்று அழுதார். அவர் தோற்ற பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்தது நான்தான்.

அதன் பிறகே முறையாக ஆராய்ந்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு உருவான, பெரியவர்களுக்கான ஆறு கேள்வி வினாப்பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஐந்து கேள்விகளுக்கு அவர் பதில் குறியெல்லையைத் தாண்டியது. ஆனால் அது சல்லடைதான், தீர்ப்பு ஆகாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5இன்படி 17 வயது நிரம்பியவருக்குக் கவனக்குறைவுக் குறிகளில் குறைந்தது ஐந்தோ, மிகையியக்கக் குறிகளில் குறைந்தது ஐந்தோ இருக்க வேண்டும். சில குறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தொல்லை தர வேண்டும். இந்த 12 வயதுக் கணக்குதான் மனச்சோர்வையும் ஏடிஎச்டியையும் பிரித்துப் பார்க்க எனக்கு மிகவும் உதவியது. மனச்சோர்வுக்கு ஒரு தொடக்கம் இருக்கும், அதற்கு முன்பு வேறு மாதிரி இருந்த மனிதர் ஒருவர் இருப்பார். இவருக்கு அப்படி ஒரு "முன்பு" இல்லை.

அவருடைய அம்மாவை வரவழைத்தேன். "சின்னதுலேர்ந்தே இவ இப்படித்தாம்மா. கடைக்குப் போடின்னா, பாதி வழியில கோலம் பார்த்துக்கிட்டு நிப்பா. எதுக்கு வந்தோம்னே மறந்துரும்" என்றார். நான்காம் வகுப்பு ரேங்க் கார்டு ஒன்றை ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தார். ஆசிரியர் குறிப்பு: நன்றாகப் படிக்கக்கூடியவள், கவனம் போதாது. ஓடியாடித் தொல்லை கொடுக்கும் பையனை யாராவது மருத்துவரிடம் கூட்டிப்போவார்கள். ஜன்னல் ஓரத்தில் கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையை அந்தக் காலத்தில் யாரும் கூட்டிப்போகவில்லை. இன்றும் அதிகம் மாறிவிடவில்லை.

தைராய்டு சரியாக இருந்தது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு, அதற்குத் தனியாக மருந்து. மனநல மருத்துவர் பார்த்துக் கவனக்குறைவு மிகுந்த வகை ஏடிஎச்டி என்று உறுதிசெய்தார். மனச்சோர்வு அதன் மேல் படிந்தது என்றும் சொன்னார்.

கடையில் ஒரு நாள்

அவர் அனுமதியோடு ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அறையில் வைத்து மணிக்கணக்கில் பேசியதைவிட அந்த ஒரு பகல் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

காலை 9.40க்குத் திரைச்சேலைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பையை எடுத்தார். அரக்கு நிறப் பட்டு. ஆரி வேலை முடிந்து, வெட்டித் தைக்க வேண்டியது மட்டும் மீதி. துணியை மேசையில் விரித்து இரண்டு கையாலும் நீவினார். சாக்பீஸ் தேடினார். தேடும்போது நூல்கண்டுப் பெட்டி கண்ணில் பட்டது, அதில் சிக்கல். சிக்கல் எடுத்தார். பக்கத்து வீட்டம்மா பள்ளிச் சீருடைச் சட்டையைக் கொண்டுவந்தார், பை பிரிந்துவிட்டது என்று. பத்து நிமிடத்தில் தைத்துக் கொடுத்து இருபது ரூபாய் வாங்கினார். முகம் மலர்ந்திருந்தது. மறுபடியும் பட்டுக்கு வந்தார். அளவு பிளவுஸை மேலே வைத்துப் பார்த்தார், கோடு போட்டார். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். "ஒரு காபி போட்டுட்டு வந்துர்றேன் மேடம்." அன்று மாலை நான்கு மணிவரை அவர் ஒரு நிமிடமும் சும்மா இருக்கவில்லை. ஏழு சிறு வேலைகள் முடிந்திருந்தன. அரக்குப் பட்டு அப்படியே கிடந்தது.

"கத்தரிய எடுக்கும்போது என்ன ஓடுது மனசுல?" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார்.

"சேலையோட ஒட்டி வந்த துணி மேடம் இது. தப்பா வெட்டிட்டா வேற எங்க போய் வாங்குறது? முன்கழுத்து எட்டா, எட்டரையா? அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுச்சு, எழுதி வைக்கல. போன் பண்ணிக் கேக்கணும். போன் பண்ணா, இன்னும் வெட்டவே இல்லியான்னு கேப்பாங்க."

தள்ளிப்போடுகிறார் என்று எல்லோரும், நானும், ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டிருந்தோம். பார்த்தால் அவர் தையலைத் தள்ளிப்போடவே இல்லை. மெஷினில் உட்கார்ந்துவிட்டால் எழ மாட்டார், சாப்பாடு ஆறிப்போகும். அவர் நின்றுபோன இடங்கள் மூன்று. ஒன்று, வெட்டு. இரண்டு, மெஷின் வேலை முடிந்தபின் வரும் கைவேலை: ஹூக், ஹெம்மிங். முக்கால்வாசி முடிந்து ஹூக் மட்டும் வைக்காத பிளவுஸ்களே அந்த 41இல் 13 இருந்தன. மூன்று, போன்.

மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. உள்ளே வேறு வேறு. வெட்டுக்கு முன்னால் நாலைந்து முடிவுகள் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது, எடுத்த பின் திரும்ப முடியாது. கைவேலையில் முடிவே கிடையாது, சலிப்பு மட்டும்தான். போனில் இருப்பது அவமானம். ஒரே மருந்தை மூன்றுக்கும் பூசினால் எப்படிக் கேட்கும்?

ஏன் இப்படி

ஏடிஎச்டி பற்றி நெடுங்காலம் ஆய்ந்த ரசல் பார்க்லி திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமலில்லை, தெரிந்ததை அந்த இடத்தில் அந்த நேரத்தில் செய்வதில்தான் தடை. அதனால் உதவியும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். என் அறையில் போட்டுக் கொடுத்த அட்டவணை அவர் மேசைக்கு வந்து சேரவில்லை.

காலத்தை உணர்வதிலும் வேறுபாடு இருக்கிறது. பன்னிரண்டு நாள் தள்ளியிருக்கும் முகூர்த்தம் அவருக்குக் காலண்டரில் சிவப்பு எழுத்து, அவ்வளவுதான். நாளைக்கு என்னும்போதுதான் வயிற்றில் இறங்குகிறது. தூரத்தில் இருக்கும் பலன் இன்றைய கையை அசைக்கப் போதுமானதாக இல்லை. 2009இல் நோரா வோல்கோவ் குழுவினர், மருந்து எடுக்காத ஏடிஎச்டி உள்ள 53 பெரியவர்களையும் அது இல்லாத 44 பேரையும் மூளைப்படம் எடுத்து ஒப்பிட்டார்கள். பலனை எதிர்பார்த்து உந்துதல் பிறக்கும் பாதையில், டோபமின் என்ற மூளை வேதிப்பொருளை ஏற்கும், கடத்தும் புரதங்கள் முதல் குழுவினரிடம் சராசரியில் குறைவாகத் தெரிந்தன. இது குழுக்களின் சராசரி. ஒருவரைப் படம் எடுத்து ஏடிஎச்டி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மாமியாரின் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருந்தது. கடைசி ராத்திரியில் அவரை உட்கார வைப்பது மனசு அல்ல, பயம். நெஞ்சு படபடக்கும்போது உடம்பு சுரக்கும் வேதிப்பொருள்கள் சில மணி நேரத்துக்கு அந்தக் குறையை நிரப்புவதாகக் கருதப்படுகிறது. மறுநாள் தலைவலி, வாந்தி, இரண்டு நாள் படுக்கை என்று உடம்பு விலை கொடுக்கிறது.

இதை மாமியாரிடமே சொன்னேன். "அப்போ பயந்தாத்தான் கை ஓடுங்கிறீங்க" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "எத்தன வருஷமாடி இப்படி?" என்றார். அன்றைய அமர்வில் அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அவமானத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். தள்ளிப்போடுதல் நேரத்தைக் கையாளத் தெரியாமை மட்டுமல்ல, அந்த நேரத்துக் கசப்பிலிருந்து தப்பும் வழி என்று 2013இல் ஃபூஷியா சிரோயும் டிமதி பிச்சிலும் எழுதினார்கள். அலமாரியின் முன்னால் தொங்கிய பழைய சேலை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஆனால் ஏடிஎச்டி உள்ளவருக்குக் கண்ணில் படாதது மனத்திலிருந்தும் போய்விடும். ஆறுதலுக்காகக் கட்டிய திரை, பைகளை இன்னும் மறக்கச் செய்தது.

என்ன செய்தோம்

மாசியில் தொடங்கி ஆனிவரை 14 அமர்வுகள். பெரியவர்களின் ஏடிஎச்டிக்கென அமைக்கப்பட்ட உளச்சிகிச்சைகள் பயன் தருகின்றன என்பதற்குச் சான்று உண்டு. மேரி சொலாண்டோ 2010இல் 88 பேரிடம் 12 வாரக் குழுச் சிகிச்சையை வெறும் ஆதரவுப் பேச்சோடு ஒப்பிட்டுக் காட்டினார். தொடங்க முடியவில்லை என்றால் முதல் படி பெரிதாக இருக்கிறது என்று பொருள் என்பது அந்தச் சிகிச்சையில் அடிக்கடி சொல்லப்படுவது. நாங்கள் பிடித்துக்கொண்டதும் அதைத்தான்.

வெட்டிலிருந்து ஆரம்பித்தோம். "வெட்டுவது" என்று அவர் சொன்ன ஒரே வேலைக்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று அவரையே சொல்லச் சொன்னேன். ஒன்பது வந்தது. அளவு சரிபார்ப்பது, கழுத்து ஆழம் முடிவு செய்வது, லைனிங் துணியை நனைத்துக் காயவைப்பது, இஸ்திரி, கோடு போடுவது... கத்தரி எட்டாவதாகத்தான் வந்தது. முடிவு எடுக்கும் வேலைகளையெல்லாம் ஆர்டர் வாங்கும் நிமிடத்துக்கே தள்ளினோம். வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதே கழுத்து, கை நீளம், பின்பக்க டிசைன் எல்லாம் பில்லில் எழுதி அவர் கையெழுத்தும் வாங்கிவிடுவது. முடிவும் செயலும் ஒரே நேரத்தில் வந்து நின்றதுதான் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. விலை உயர்ந்த பட்டுக்கு முதலில் காடாத் துணியில் வெட்டிப் பார்ப்பது என்றும் வைத்தோம். கூடுதல் வேலைதான். ஆனால் காடாவில் கத்தரி ஓடியபின் பட்டில் கை நடுங்கவில்லை என்றார்.

ராத்திரி படுக்கப்போகும் முன் மறுநாள் துணியைக் கோடு போட்டு மேசையில் விரித்து, மேலே கத்தரியை வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான், வெட்ட வேண்டாம். காலையில் பையன் பள்ளி வேன் ஏறியதும் வாசலிலிருந்து நேராக மேசைக்கு. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று இடத்தையும் நிகழ்ச்சியையும் முன்கூட்டியே கட்டிவைக்கும் உத்தியை பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். "காலை 8.30க்கு" என்று வைத்திருந்தால் தோற்றிருக்கும். வேன் ஹாரன் அடிப்பதைக் கடிகாரம் பார்க்காமலே கேட்க முடிகிறது.

எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது நாத்தனார். கல்லூரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தார். தையல் தெரியாது. வெட்டும் நேரத்தில் எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அறிவுரை கூடாது, கேள்வி கூடாது. இந்த ஒன்றைத்தான் கேட்டேன். "சும்மா உக்காந்திருந்தா போதுமா அண்ணி?" என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை. ஏடிஎச்டி உள்ள பலர் தாங்களாகவே கண்டுபிடித்த வழி இது. ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மனம் அலைவது குறைகிறது. ஏன் என்பதற்கு உறுதியான விளக்கம் என்னிடம் இல்லை, ஆனால் இந்த வீட்டில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். முதல் வாரத்தில் ஐந்து துணிகளில் கத்தரி விழுந்தது.

பில் புத்தகத்தில் ஒரு மாற்றம் செய்தோம். எந்தத் தையல் கடைப் பில்லிலும் டெலிவரி தேதி மட்டும்தான் இருக்கும். இவர் பில்லில் "வெட்டு தேதி" என்று இன்னொரு கட்டம் சேர்த்தோம். அன்று வெட்டிய துண்டுகளைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார், பார்த்ததும் வாடிக்கையாளர் கூலியில் கால்பங்கை அனுப்புவார். மூன்று வாரம் தள்ளியிருந்த பலன் அன்றைக்கே போனில் மணியடித்து வந்தது. இந்த யோசனை என்னுடையதல்ல, அவருடையது. "கட்டடக்காரங்க தளம் போட்டதும் ஒரு பங்கு வாங்குறாங்கல்ல மேடம்" என்றார். சிகிச்சை சரியான திசையில் போகிறது என்று நான் நம்பியது அப்போதுதான்.

நேரக் கணக்கை அளந்து பார்த்தோம். லைனிங் பிளவுஸ் ஒன்றுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டால் "ஒரு மணி நேரம்" என்பார். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு ஐந்து பிளவுஸுக்கு எடுத்த நேரத்தைச் சராசரி பார்த்தால் 2 மணி 40 நிமிடம். அந்தக் கணக்கின்படி அவர் தினமும் தன்னால் முடிவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆர்டர் வாங்கிக்கொண்டிருந்தார். தள்ளிப்போடுதல் என்று நாங்கள் பெயர் வைத்திருந்ததில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழை.

கைவேலையைத் தெருமுனையில் இருக்கும் ஒரு அம்மாவுக்குப் பீஸ் கணக்கில் கொடுத்துவிட்டார். "அதுகூட என்னால முடியலன்னு ஆயிடாதா?" என்று தயங்கினார். பெரிய டெய்லர் கடைகளில் கட்டிங் மாஸ்டர் ஹூக் வைப்பாரா என்று கேட்டேன். அந்த 13 பிளவுஸும் நான்கு நாளில் போய்ச் சேர்ந்தன.

போன்தான் கடினமாக இருந்தது. என் அறையிலேயே உட்கார்ந்து முதல் மூன்று அழைப்புகளைச் செய்தார். இரண்டு வாக்கியம் எழுதி வைத்திருந்தோம்: "உங்க துணி தாமதமானதுக்கு மன்னிச்சுக்கோங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தயாரா இருக்கும்." காரணம் சொல்லக் கூடாது, அழக் கூடாது. முதல் அழைப்பில் எதிர்முனையில் ஒரு பெண், "அக்கா, நீங்க நல்லா இருக்கீங்களா? போனே எடுக்கலியே, உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்" என்றார். இரண்டாமவர் திட்டினார். மூன்றாமவர் துணியைத் திருப்பிக் கேட்டார். மூன்றையும் அவர் தாங்கினார்.

கடைசியாகத் திரையை அவிழ்த்தோம். முழு அலமாரியையும் திறந்து காட்டுவது அவரை மறுபடி முடக்கிவிடும் என்று தோன்றியது. பைகள் உள்ளறைக்குப் போயின. மேசைக்கு எதிரே மூன்றே ஆணி. மூன்று பைக்கு மேல் தொங்கக் கூடாது.

மருந்து

ஆறாவது அமர்வுக்குப் பின் மனநல மருத்துவர் ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையைத் தொடங்கினார். முன்னதாக ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, குடும்பத்தில் இதய நோய் உண்டா, கர்ப்பம் உண்டா என்றெல்லாம் பார்க்கப்பட்டது. ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் காபியை இரண்டாக்கச் சொன்னார். இந்த மருந்து இந்தியாவில் கட்டுப்பாடு மிகுந்த மருந்துகளுக்கான எக்ஸ் அட்டவணையில் வருவது. சீட்டு இரண்டு பிரதியாக எழுதப்பட வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்ள வேண்டும். தனி உரிமம் இல்லாத கடையில் கிடைக்காது. அவர் ஊரில் இல்லை. கணவர் மாதம் ஒருமுறை தஞ்சாவூர் சவாரியோடு சேர்த்து வாங்கி வந்தார்.

மாத்திரை எடுத்த முதல் நாள் அவர் சொன்னது: "தலைக்குள்ள ஓடிக்கிட்டிருந்த நாலஞ்சு ரேடியோவுல ஒண்ணத் தவிர மத்தத யாரோ நிறுத்துனாப்ல இருக்கு." ஆனால் அந்த முதல் நாளில் அவர் செய்தது என்ன? நூல்கண்டுகள் அனைத்தையும் நிறவாரியாக அடுக்கினார், நான்கு மணி நேரம். கவனம் நின்றது, நின்ற இடம் வேறு. அதனால்தான் மாத்திரையை வேன் வருவதற்கு அரை மணி முன்னால், ராத்திரியே விரித்துவைத்த துணி காத்திருக்கும் வேளையில் எடுக்கும்படி மருத்துவரோடு பேசி மாற்றினோம். பசி குறைந்தது, வாய் உலர்ந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்ததும் ஓரளவு சரியானது. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் எல்லாமே மங்குகிறது என்பதையும் குறித்துவைத்தார். அந்த வாரத்தில் புது வெட்டு வேண்டாம், தைப்பு மட்டும் என்று பில் தேதிகளை அமைத்துக்கொண்டார்.

ஆடி

சறுக்கல் ஆடியில் வந்தது. கல்யாணம் இல்லாத மாதம். தேங்கிக் கிடந்த வேலையெல்லாம் முடிக்க நல்ல நேரம் என்று நானும் நினைத்தேன், அது பிழை. முகூர்த்தங்கள் போனதும் அவரைத் தள்ளிக்கொண்டிருந்த காற்றும் நின்றுவிட்டது. நாத்தனார் வேலைக்கான பயிற்சிக்குத் திருச்சி போனார். கணவருக்குத் தஞ்சாவூர் சவாரி கிடைக்கவில்லை, மாத்திரை தீர்ந்து மூன்று வாரம். இரண்டு அமர்வுகளுக்கு வரவில்லை. நாத்தனார்தான் அங்கிருந்து எனக்குப் போன் செய்தார்: "மேடம், வீடியோ கால்ல பார்த்தேன், அண்ணி மறுபடியும் அந்தச் சேலையக் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க."

மறுபடி வந்தபோது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எல்லாம் போச்சு மேடம்." என்னென்ன போச்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வெட்டு தேதிக் கட்டம் பில்லில் இருக்கிறது. கைவேலை அந்த அம்மாவிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. காடாத் துணி இருக்கிறது. போனது மூன்று: பக்கத்தில் ஆள், மாத்திரை, வெளியிலிருந்து வரும் தேதி. "நானே ஒரு தேதி வச்சுக்கிட்டேன் மேடம், பதினெட்டாம் பெருக்குக்குள்ள முடிக்கணும்னு. ஆனா அது நான் வச்சதுன்னு எனக்கே தெரியுதே." தனக்குத்தானே வைக்கும் கெடு இவர்களிடம் ஏன் செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

நாத்தனார் திருச்சியிலிருந்து காலையில் வீடியோ அழைப்பில் இருப்பது என்று ஏற்பாடானது. போனை ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டு அவர் படிப்பார், இவர் வெட்டுவார். மாத்திரைச் சீட்டைத் தீர்வதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கக் கணவர் போனில் நினைவூட்டல் வைத்தோம், இவர் போனில் அல்ல. அடுத்த ஆடிக்கு ஃபால்ஸ், பிக்கோ போன்ற அன்றே முடிந்து அன்றே காசு வரும் வேலைகளைக் கூடுதலாக எடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

இப்போது

எட்டு மாதம் ஆகிறது. தேதி தாண்டிய பைகள் 5. ராத்திரி முழுக்க விழிப்பது கடந்த இரண்டு மாதத்தில் ஒருமுறை. ஆர்டர் பாதியாகக் குறைந்திருக்கிறது, கூலியை உயர்த்தியதால் வருமானம் ஏறக்குறைய முன்போலவே. மனச்சோர்வுக் குறிகள் பெரும்பாலும் தணிந்துவிட்டன. கடைக்கு வெளியே இன்னும் நிறையக் கிடக்கிறது. மகனின் வங்கிக் கணக்கு விண்ணப்பம் நான்கு மாதமாகப் பையில் இருக்கிறது. மின்கட்டணம் இரண்டு முறை அபராதத்தோடு கட்டினார். கடையில் வந்த ஒழுங்கு வீட்டுக்குள் தானாக நடந்து வரவில்லை. அங்கும் எந்த இடத்தில் நிற்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். மகனுக்கும் ஏடிஎச்டி உறுதியாகியிருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதும்போது அம்மா எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஹெம்மிங் பிரிக்கிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை.

போன வாரம் என் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். அமர்வு முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"நாத்தனார்தான், மேடம். இன்னிக்குக் காலேல வேன் லேட்டு, அதான் நாலு மணிக்கு மாத்தி வச்சோம். ஒரு மாம்பழக் கலர் பட்டு விரிச்சு வச்சிட்டு வந்திருக்கேன். நான் கெளம்பவா?"